மடிக்கணினியில் மூளைப் படங்களைப் பகுப்பாய்வு செய்வது எப்படி? எஸ்.பி.எம். மென்பொருளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மூளை ஸ்கேன் ஆய்வு என்றாலே அது பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற பெரிய நிறுவனங்களில் மட்டும் நடக்கக்கூடியது என்ற எண்ணம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரி மாணவர்கள் பலரிடம் இருக்கிறது. படம் எடுப்பதைப் பொறுத்தவரை அது ஓரளவு சரிதான். ஆய்வுத் தரத்தில் எடுப்பதற்கு நல்ல கருவியும் அதை இயக்கத் தெரிந்த குழுவும் வேண்டும். ஆனால் எடுத்த படத்திலிருந்து முடிவு காண்பது முழுக்க முழுக்கப் புள்ளியியல் வேலை. அதற்கான மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, பயிற்சிக்கான தரவுகளும் இலவசமாகக் கிடைக்கின்றன, தொடர்புப்போக்கும் டி-சோதனையும் படித்த எந்த மாணவரும் இந்த வேலைக்குள் நுழைய முடியும். இந்த வழிகாட்டி ஒரே ஒரு பொதுத் தரவை எடுத்துக்கொண்டு, இறக்குவதிலிருந்து முடிவை எழுதுவது வரை எல்லாப் படிகளையும் வரிசையாகக் காட்டுகிறது. ஒவ்வொரு படியிலும் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பதைவிட, அழுத்திய பின் எதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்ய வேண்டும் என்பதற்கே நான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன். தவறான படத்துக்கும் மென்பொருள் அழகான வண்ண வரைபடம் போட்டுக் கொடுத்துவிடும் என்பதே அதற்குக் காரணம்.

எதை அளக்கிறோம்

எஃப்.எம்.ஆர்.ஐ. (செயல்பாட்டுக் காந்த ஒத்ததிர்வுப் படம்) என்பது மூளையின் சிந்தனையைப் படம் பிடிப்பதில்லை; அது அளப்பது இரத்தத்தின் நிலையை. மூளையின் ஒரு பகுதி அதிகமாக வேலை செய்யும்போது, அங்கே செலவாகும் ஆக்சிஜனைவிடக் கூடுதலான ஆக்சிஜனைச் சுமந்த இரத்தம் பாய்கிறது. ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபின் காந்தப் புலத்தைச் சற்றே குலைக்கும் தன்மை கொண்டது. அதன் பங்கு குறையும்போது ஸ்கேனில் பதிவாகும் குறிகை சிறிது கூடுகிறது. 1990-இல் ஜப்பானிய அறிவியலாளர் செய்ஜி ஒகாவா விளக்கிய இந்த விளைவுக்கு 'போல்ட்' என்று பெயர். இந்த ஏற்றம் உடனே வருவதில்லை. தூண்டல் தொடங்கிச் சுமார் 5 முதல் 6 நொடிக்குப் பிறகே உச்சத்தைத் தொடும். அளவிலும் அது மிகச் சிறியது, பெரும்பாலும் ஓரிரு சதவீதம்தான். தலை ஒரு மில்லிமீட்டர் அசைந்தால் அதைவிடப் பெரிய மாற்றம் வந்துவிடும். முன்தயாரிப்புப் படிகள் இத்தனை இருப்பது இதனால்தான்.

படம் சின்னச் சின்னக் கனசதுரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும்; ஒவ்வொரு கனசதுரத்துக்கும் வாக்ஸல் என்று பெயர். ஒரு வாக்ஸலில் ஒரு நேரத்துக்கு ஒரு எண். ஆகவே ஒருவருடைய ஸ்கேன் என்பது பல்லாயிரம் காலத்தொடர்களின் தொகுப்பு. ஒவ்வொரு காலத்தொடருக்கும் தனித்தனியே ஒரு தொடர்புப்போக்குச் சமன்பாட்டைப் பொருத்துவதுதான் நாம் செய்யப்போகும் வேலை.

எந்த மென்பொருள்

இத்துறையில் நீண்ட காலமாகப் புழக்கத்தில் இருப்பவை மூன்று. லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் கார்ல் ஃபிரிஸ்டனும் அவருடைய சகாக்களும் வளர்த்த எஸ்.பி.எம். 1990-களின் தொடக்கத்திலிருந்து இருக்கிறது. ராபர்ட் காக்ஸ் 1994-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் தொடங்கிய ஏ.எஃப்.என்.ஐ. பின்னர் அந்நாட்டு தேசிய சுகாதார நிறுவனத்துக்குச் சென்றது. ஆக்ஸ்ஃபோர்டில் உருவான எஃப்.எஸ்.எல். 2000-இல் வெளிவந்தது. முதல் இரண்டும், நிரலை யாரும் பார்க்கவும் மாற்றவும் பகிரவும் அனுமதிக்கும் ஜி.பி.எல். உரிமத்தில் வருபவை. எஃப்.எஸ்.எல். கல்விக்கும் ஆய்வுக்கும் இலவசம் என்றாலும் வணிகப் பயன்பாட்டுக்குத் தனி உரிமம் கேட்கிறது. அதைத் திறமூலம் என்று முழுமையாகச் சொல்ல முடியாது. பைத்தான் மொழியில் எழுதப்பட்ட நைலேர்ன், இவற்றுக்குப் பிறகு வந்து, தடையற்ற திறமூல உரிமத்தோடு இன்று வேகமாகப் பரவியிருக்கிறது.

முதல் முறை கற்பவருக்கு எஸ்.பி.எம்.-ஐ நான் பரிந்துரைக்கிறேன். பட்டியல்களும் பொத்தான்களும் இருப்பதால் நிரல் எழுதும் பயம் இல்லாமல் புள்ளியியலில் கவனம் செலுத்தலாம். ஒன்றை மட்டும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்: எஸ்.பி.எம்.-இன் மூல நிரல் திறந்ததே ஆனாலும், அது எழுதப்பட்டிருக்கும் மேட்லேப் விலைக்கு விற்கப்படும் மென்பொருள். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. மேட்லேப் உரிமமே தேவைப்படாத 'ஸ்டாண்ட்அலோன்' பதிப்பை, அதனுடன் சேர்ந்து இயங்கும் இலவச 'ரன்டைம்' தொகுப்போடு நிறுவிக்கொள்ளலாம். அல்லது மேட்லேப்புக்கு மாற்றான குனூ ஆக்டேவில் ஓட்டலாம்; ஆனால் அதற்குச் சில கோப்புகளைக் கணினியிலேயே கம்பைல் செய்ய வேண்டியிருக்கும் என்பதால், லினக்ஸ் பழக்கம் இல்லாதவர்கள் முதல் வழியையே பிடிப்பது நல்லது. இங்கே சொல்லப்படும் படிகள் 2014-இல் வெளிவந்த 12-ஆம் பதிப்பை ஒட்டியவை. நாம் எடுத்துக்கொள்ளும் தரவுக்கு 8 ஜி.பி. நினைவகம் உள்ள சாதாரண மடிக்கணினி போதும்.

படி 1: தரவை இறக்கி, திறந்து பார்த்தல்

எஸ்.பி.எம். இணையதளத்தின் தரவுப் பகுதியில், செவிப்புலன் சோதனைக்கான ஒரே நபரின் தரவு இருக்கிறது. கைப்பேசி இணைப்பிலேயே இறக்கிவிடக்கூடிய சிறிய தொகுப்பு அது. 2 டெஸ்லா வலிமை கொண்ட சீமென்ஸ் கருவியில், 3 மி.மீ. பக்கம் கொண்ட வாக்ஸல்களோடு, 7 நொடிக்கு ஒரு முறை முழு மூளையும் படம் பிடிக்கப்பட்டிருக்கிறது. ஸ்கேனருக்குள் படுத்திருந்தவர் 6 படங்கள் எடுக்கும் வரை அமைதியில் இருந்தார். அடுத்த 6 படங்களின்போது இரண்டு அசைச் சொற்கள் நிமிடத்துக்கு 60 வீதம் இரு காதுகளிலும் ஒலித்தன. இப்படி மாறி மாறி நடந்தது. காந்தமயமாதல் நிலைபெறுவதற்கு முன் எடுக்கப்பட்ட தொடக்கப் படங்களை விலக்கிய பிறகு, பகுப்பாய்வுக்கு 84 படங்கள் மிஞ்சுகின்றன. இவற்றோடு மூளையின் உள்ளமைப்பைத் தெளிவாகக் காட்டும் ஒரு கட்டமைப்புப் படமும் உண்டு.

தொகுப்பை விரித்தால் 'பிட்ஸ்' என்ற ஒழுங்கில் கோப்புறைகள் இருக்கும். 2016-இல் முன்வைக்கப்பட்ட இந்த ஒழுங்கு, கட்டமைப்புப் படம் ஒரு கோப்புறையிலும் செயல்பாட்டுப் படங்கள் இன்னொன்றிலும், எந்த நொடியில் என்ன ஒலித்தது என்ற அட்டவணை அவற்றுக்குப் பக்கத்திலும் இருக்கும்படி வகுத்திருக்கிறது. மூலத் தரவை அப்படியே வைத்துவிட்டு, ஒரு நகலில் வேலை செய்யுங்கள், எஸ்.பி.எம். சில படிகளில் கோப்பின் தலைப்பகுதியையே திருத்தி எழுதும்.

மென்பொருளைத் திறந்து 'எஃப்.எம்.ஆர்.ஐ.' பொத்தானை அழுத்தினால் மூன்று சாளரங்கள் வரும். எதையும் ஓட்டுவதற்கு முன் 'டிஸ்ப்ளே' பொத்தானில் கட்டமைப்புப் படத்தைத் திறந்து, குறுக்குக் கோட்டை மூளையின் நடுவில், இரு பாதிகளையும் இணைக்கும் சிறிய நரம்புக் கட்டான முன் இணைப்புக்கு அருகே கொண்டுபோய் வையுங்கள். அப்போது காட்டப்படும் ஆயத்தொலைவுகள் சுழிக்கு அருகில் இருக்க வேண்டும். நம்முடைய பயிற்சித் தரவில் இதில் சிக்கல் வராது. ஆனால் நாளை வேறு தரவை எடுக்கும்போது, தலைப்பகுதியில் குறித்த தொடக்கப் புள்ளி பல சென்டிமீட்டர் தள்ளியிருந்தால், பின்னால் வரும் பொருத்தும் படிகள் தவறான இடத்தில் தொடங்கித் தவறான இடத்திலேயே முடிந்துவிடும்.

இடம், வலம் குறித்தும் இப்போதே தெளிவாகிவிட வேண்டும். எஸ்.பி.எம். திரையில் மூளையின் இடப்பக்கம் நம் இடப்பக்கத்திலேயே தெரியும். மருத்துவமனை ஃபிலிமிலும், எஃப்.எஸ்.எல்.-இன் பார்வைக் கருவியிலும் வழக்கம் இதற்கு நேர்மாறு. மொழி சார்ந்த ஆய்வில் இடமும் வலமும் மாறிப்போனால் முடிவு முழுவதும் தலைகீழாகிவிடும்.

படி 2: முன்தயாரிப்பு

முதலில் 'ரீஅலைன்'. 84 படங்களுக்கிடையே தலை எவ்வளவு நகர்ந்தது, எவ்வளவு திரும்பியது என்பதை மென்பொருள் கணித்து, எல்லாவற்றையும் ஒரே நிலைக்குக் கொண்டுவருகிறது. 'எஸ்டிமேட் அண்ட் ரீஸ்லைஸ்' என்பதைத் தேர்ந்து, வெளியீட்டில் சராசரிப் படம் மட்டும் போதும் என்று குறியுங்கள். ஒவ்வொரு முறை படத்தைப் புதிதாக மறுவரைவு செய்யும்போதும் அது சற்று மங்கும். அந்த வேலையை ஒரே முறை, பின்னால் வரும் படியில் செய்துகொள்வது நல்லது. ஓடி முடிந்ததும் இரண்டு வரைபடங்கள் வரும்: மேலே மூன்று திசைகளிலும் நகர்வு மில்லிமீட்டரில், கீழே மூன்று அச்சுகளில் சுழற்சி. மெல்லச் சரிந்துபோகும் கோடுகள் வழக்கமானவை. திடீரென்று ஊசிபோல் எழும்பும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்; மொத்த நகர்வு ஒரு வாக்ஸலின் பக்கமான 3 மி.மீ.-ஐத் தாண்டினால் அந்தத் தரவை நம்புவதற்கு முன் யோசிக்க வேண்டும். இந்த ஆறு அளவுகளும் ஆறு நிரல்களாக (நெடுவரிசைகளாக) ஒரு உரைக்கோப்பில் சேமிக்கப்படும். அது பிறகு தேவைப்படும்.

இரண்டாவது 'கோரெஜிஸ்டர்'. இங்கே சராசரிச் செயல்பாட்டுப் படத்தை நிலையானதாகவும் கட்டமைப்புப் படத்தை நகர்வதாகவும் கொடுத்து, 'எஸ்டிமேட்' மட்டும் ஓட்டுங்கள். மூளையைச் சூழ்ந்த திரவம் ஒரு படத்தில் கருமையாகவும் மற்றதில் பளிச்சென்றும் இருப்பதால், நேரடியாக ஒப்பிடாமல் இரண்டுக்கும் பொதுவான தகவல் எவ்வளவு என்ற அளவைக் கொண்டு மென்பொருள் பொருத்துகிறது. முடிந்ததும் 'செக் ரெஜ்' பொத்தானில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து, மூளையின் விளிம்பு, நடுவில் உள்ள திரவ அறைகள், சிறுமூளையின் அடி ஆகிய மூன்று இடங்களிலும் குறுக்குக் கோட்டை வைத்துப் பாருங்கள். மூன்றும் ஒத்துப்போகவில்லையென்றால் மேற்கொண்டு போகக் கூடாது.

அடுத்து 'செக்மென்ட்'. கட்டமைப்புப் படத்தைச் சாம்பல் பொருள், வெண் பொருள், மூளைத் தண்டுவடத் திரவம் முதலிய வகைகளாகப் பிரிக்கும் படி இது. ஒளிச் சமனின்மை திருத்தப்பட்ட படத்தையும், 'ஃபார்வர்டு' உருமாற்றப் புலத்தையும் சேமிக்கச் சொல்ல மறக்காதீர்கள். இரண்டாவதை விட்டுவிட்டால் அடுத்த படிக்குப் போக முடியாது. இது சில நிமிடங்கள் ஓடும்.

'நார்மலைஸ்' படியில் 'ரைட்' (Write, எழுது) என்பதைத் தேர்ந்து, அந்த உருமாற்றப் புலத்தைக் கொண்டு 84 படங்களையும் பொது மூளை வார்ப்புக்கு மாற்றுகிறோம். ஆளுக்கு ஆள் மூளையின் அளவும் மடிப்பும் வேறுபடுவதால், மான்ட்ரியல் நரம்பியல் நிறுவனம் பலருடைய படங்களைச் சராசரி செய்து உருவாக்கிய வார்ப்பு உலகெங்கும் பயன்படுகிறது. கிராம வரைபடமும் புல எண்ணும் கையில் இருந்தால் ஊருக்குப் புதியவரும் அந்த நிலத்தைச் சரியாகக் கண்டுபிடிப்பதைப் போல, மூன்று ஆயத்தொலைவுகளைச் சொன்னால் எந்த நாட்டு ஆய்வாளரும் நீங்கள் சொல்லும் மூளைப் பகுதியைக் கண்டுகொள்வார். செயல்பாட்டுப் படங்களுக்கு வாக்ஸல் அளவை 3, 3, 3 என்று கொடுங்கள்.

கடைசியாக 'ஸ்மூத்'. 6 மி.மீ. அகலமுள்ள காஸ் வளைவால் படம் மென்மையாக்கப்படுகிறது. இரைச்சல் குறைகிறது, ஆளுக்காள் எஞ்சியிருக்கும் சிறு வேறுபாடு மழுங்குகிறது, பின்னால் நாம் பயன்படுத்தப்போகும் திருத்தக் கோட்பாட்டுக்குத் தேவையான மென்மையும் கிடைக்கிறது. வாக்ஸல் பக்கத்தைப் போல் இரண்டு மடங்கு என்பது நியாயமான அளவு. பளிச்சென்ற முடிவு வரும்வரை இந்த எண்ணை மாற்றி மாற்றிப் பார்ப்பது நியாயமல்ல.

ஒவ்வொரு படியின் வெளியீட்டுக் கோப்பும் பெயரின் முன்னால் ஓர் எழுத்தைச் சேர்த்துக்கொள்ளும்; வார்ப்புக்கு மாற்றியதற்கு டபிள்யூ, மென்மையாக்கியதற்கு எஸ். பெயரைப் பார்த்தாலே அந்தப் படம் எந்தெந்தப் படிகளைக் கடந்தது என்று தெரியும். எல்லாப் படிகளையும் 'பேட்ச்' சாளரத்தில் அடுக்கிச் சேமித்துவிட்டால், மின்சாரம் போய் வந்தாலும், ஆறு மாதம் கழித்துத் தேர்வாளர் கேட்டாலும், அதே அமைப்பை அப்படியே மறுபடி ஓட்டலாம்.

படி 3: மாதிரியை அமைத்தல்

புள்ளியியல் மாணவர்களுக்கு இங்கேதான் வேலை சுவையாகிறது. 'ஸ்பெசிஃபை ஃபர்ஸ்ட் லெவல்' பொத்தானை அழுத்தி, வெளியீட்டுக்கு ஒரு வெற்றுக் கோப்புறையைக் காட்டுங்கள். நேர அலகு 'ஸ்கேன்ஸ்', இரண்டு படங்களுக்கு இடைவெளி 7 நொடி. தரவாக, மென்மையாக்கிய 84 படங்கள். சோதனை நிலை ('கண்டிஷன்') ஒன்றுதான், அதற்குக் 'கேட்டல்' என்ற பொருளில் ஒரு பெயரை ஆங்கில எழுத்தில் கொடுங்கள். தொடக்கங்கள் 6, 18, 30, 42, 54, 66, 78. ஒவ்வொன்றின் நீளம் 6. எஸ்.பி.எம். முதல் படத்தைச் சுழி என்று எண்ணுகிறது என்பதால், 6 என்றால் ஏழாவது படம். இதைக் கவனிக்காமல் 7 என்று தொடங்கினால் மாதிரி 7 நொடி பிந்திவிடும், மென்பொருளும் எச்சரிக்கை எதுவும் தராது.

தலை அசைவுக் கோப்பை 'மல்டிபிள் ரெக்ரஸர்ஸ்' இடத்தில் சேருங்கள். இப்போது ஒவ்வொரு வாக்ஸலுக்கும் சமன்பாட்டில் கேட்டலுக்கு ஒரு நிரல், அசைவுக்கு ஆறு, மாறிலிக்கு ஒன்று என எட்டு நிரல்கள் இருக்கும். கேட்டலுக்கான நிரல் வெறும் சுழியும் ஒன்றுமாக இருப்பதில்லை. இரத்த ஓட்டம் மெதுவாக ஏறி இறங்கும் வளைவோடு அது கலக்கப்படுவதால், மேடுகள் சற்றுத் தாமதமாகவும் வழவழப்பாகவும் தெரியும். 'ரிவ்யூ' பொத்தானில் இந்த அணியைக் கறுப்பு வெள்ளைப் படமாகப் பார்த்து, ஏழு வெண் பட்டைகள் இருக்கின்றனவா என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

'ஹை பாஸ் ஃபில்டர்' என்ற இடத்தில் 128 என்று ஏற்கெனவே போட்டிருக்கும். பலர் இதைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. கருவியின் சூடு போன்ற காரணங்களால் குறிகை மெல்ல மெல்ல நகரும். 128 நொடியைவிட நீண்ட சுழற்சியில் வரும் ஏற்ற இறக்கத்தை எல்லாம் இந்த வடிகட்டி அகற்றுகிறது. நம் சோதனையில் அமைதி 42 நொடி, ஒலி 42 நொடி. ஒரு சுழற்சி 84 நொடி. 128-ஐவிடக் குறைவு என்பதால் நமக்கு வேண்டிய குறிகை தப்பித்துவிடுகிறது. ஒருவர் 90 நொடி அமைதி, 90 நொடி ஒலி என்று சோதனையை வகுத்திருந்தால், அவருடைய குறிகையில் பெரும்பகுதியை மென்பொருளே துடைத்துப்போட்டுவிட்டு 'எதுவும் இல்லை' என்று காட்டும்.

இதைக் கொண்டு டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடத்தையும் (மாதிரிக்குச் செலவானது போக மிஞ்சும் தரவுகளின் எண்ணிக்கை) கையாலேயே கணக்கிடலாம். மொத்த நேரம் 84 × 7 = 588 நொடி. 128 நொடி வடிகட்டிக்கு இந்த நீளத்தில் 9 கொசைன் வளைவுகள் செலவாகின்றன. அசைவு நிரல்களைச் சேர்க்காவிட்டால், கேட்டல், மாறிலி என்ற 2 நிரல்களையும் கழித்து 84 − 2 − 9 = 73; ஆறையும் சேர்த்தால் 67. முடிவு அட்டவணையின் அடியில் வரும் எண்ணோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். வகுப்பறையில் படித்த கணக்கு ஒரு மூளைப் படத்தின் கீழே அச்சாகி நிற்பதைக் காணும் மாணவர் அதன் பிறகு இந்த மென்பொருளை மர்மப் பெட்டியாக நினைக்க மாட்டார்.

'எஸ்டிமேட்' பொத்தான் மீதி வேலையைச் செய்யும். நிரலுக்கு ஒன்றாகக் கெழுப் படங்களும், எஞ்சிய பரவற்படியின் படமும், எந்தெந்த வாக்ஸல்கள் கணக்கில் சேர்ந்தன என்று காட்டும் முகமூடிப் படமும் கோப்புறையில் வந்து சேரும். முகமூடிப் படத்தைத் திறந்து, மூளையின் எந்தப் பகுதியும் வெட்டுப்பட்டுப் போகவில்லையே என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 4: கேள்வியை எண்ணாக மாற்றுதல்

'ரிசல்ட்ஸ்' பொத்தானை அழுத்தி, டி-வகை ஒப்பீடு ஒன்றை வரையறுக்க வேண்டும். கேட்டல் நிரலுக்கு 1, மற்றவற்றுக்குச் சுழி என்று கொடுத்தால் 'அமைதியைவிடக் கேட்கும்போது கூடுதலா' என்ற கேள்வி. −1 கொடுத்தால் அதன் எதிர்க்கேள்வி.

நம் பகுதியிலிருந்தே எழக்கூடிய ஒரு கேள்வியை வைத்து இதை விரித்துப் பார்க்கலாம். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்தில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, பள்ளியில் தமிழில் படிக்கும் பிள்ளைகள் ஏராளம். வீட்டு மொழியையும் பள்ளி மொழியையும் கேட்கும்போது அவர்களுடைய மூளையின் செயல்பாட்டில் வேறுபாடு உண்டா என்று ஒரு மாணவி ஆராய விரும்புகிறார் என்று கொள்வோம். தெலுங்கு, தமிழ் என்று இரண்டு நிரல்கள், இடையிடையே அமைதி. இங்கே பெரும்பாலானோர் இடறும் இடம் ஒன்று உண்டு. தெலுங்கை அமைதியோடு ஒப்பிட்டால் ஒரு பகுதி மிகைகாண் நிலையைத் தாண்டுகிறது, தமிழை அமைதியோடு ஒப்பிட்டால் அதே பகுதி தாண்டவில்லை என்பதை மட்டும் வைத்து, 'ஆகவே இரு மொழிகளுக்கும் வேறுபாடு உண்டு' என்று எழுதிவிடுகிறார்கள். ஒன்று வரம்பைச் சற்றே தாண்டியும் மற்றது சற்றே தாண்டாமலும் இருக்கலாம். அது வேறுபாட்டுக்குச் சான்றாகாது. தெலுங்குக்கு 1, தமிழுக்கு −1 என்று எடையிட்டு, வேறுபாட்டையே நேராகச் சோதிக்க வேண்டும். இரு மொழிகளையும் பேசுபவர் ஒருவராகவே இருக்கிறாரா, ஒலி அளவு சமமா, கதையின் கடினம் சமமா என்பவற்றைச் சோதனை வகுக்கும்போதே உறுதி செய்யாவிட்டால், எந்த எடையும் பின்னால் அதைச் சரிசெய்யாது. சுழற்சியையும் முன்பே கணக்கிட வேண்டும்: ஒவ்வொன்றுக்கும் 20 நொடி என்றால் 60 நொடிச் சுழற்சி, வடிகட்டிக்குத் தப்பும், ஒவ்வொன்றுக்கும் 60 நொடி என்றால் 180 நொடி, சிக்கல்தான்.

படி 5: வரம்பு

ஒப்பீட்டைத் தேர்ந்ததும் மென்பொருள் கேட்கும்: பல சோதனைகளை ஒன்றாகச் செய்வதால் வரும் பிழைக்கான திருத்தம் எஃப்.டபிள்யூ.இ. முறையிலா, இல்லை திருத்தமே வேண்டாமா? வழிகாட்டியின் மற்றப் பகுதிகளை வேகமாகப் படித்திருந்தாலும் இதை நிதானமாகப் படியுங்கள்.

மூளைக்குள் 50,000 வாக்ஸல்கள் இருப்பதாகக் கொள்வோம். எங்கேயும் எந்த விளைவும் இல்லாத தரவில், ஒவ்வொரு வாக்ஸலையும் 0.05 என்ற வரம்பில் சோதித்தால், தற்செயலாக மட்டுமே சராசரியாக 2,500 வாக்ஸல்கள் வண்ணம் பெறும். 0.001 என்று இறுக்கினாலும் 50 மிஞ்சும். அந்த 50 வாக்ஸல்களுக்கும் உடற்கூறியல் பெயர் உண்டு, அவற்றைப் பற்றிப் பழைய கட்டுரைகளும் கிடைக்கும். ஒரு கதையை எழுதிவிடுவது கடினமல்ல. 2009-இல் அமெரிக்க ஆய்வாளர் கிரெய்க் பென்னட்டும் சகாக்களும் இறந்துபோன ஒரு சால்மன் மீனை ஸ்கேனரில் வைத்து, மனிதர்களின் படங்களை அதற்குக் 'காட்டி', திருத்தம் செய்யாத பகுப்பாய்வில் அதன் மூளையிலும் 'செயல்பாடு' தெரிவதைக் காட்டினார்கள். திருத்தம் செய்ததும் அது மறைந்துவிட்டது. சிரிக்க வைத்துச் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசை 2012-இல் பெற்ற அந்த ஆய்வு துறையின் பழக்கத்தை மாற்ற உதவியது.

ஆகவே எஃப்.டபிள்யூ.இ., 0.05 என்று தேருங்கள். இது முழு மூளையிலும் ஒரே ஒரு தவறான வாக்ஸல்கூட வராமல் இருக்கும் வாய்ப்பை 95 சதவீதமாக வைத்திருக்க முயல்கிறது; படத்தின் மென்மையைக் கணக்கில் எடுக்கும் சீரற்ற புலக் கோட்பாடு இதற்கு அடிப்படை. நம் தரவில் இரு பக்கப் பொட்டு மடலின் மேல் மடிப்பிலும், முதன்மைச் செவிப்புலப் பகுதியான ஹெஷல் மடிப்பைச் சுற்றியும் வலுவான விளைவு தெரிய வேண்டும். தெரியாவிட்டால் பெரும்பாலும் தொடக்கங்களிலோ நேர அலகிலோ பிழை இருக்கும். வரம்பைத் தளர்த்தாமல், மாதிரியைத் திரும்பப் பாருங்கள்.

அட்டவணையில் தொகுதி (ஒன்றையொன்று ஒட்டியிருக்கும் வாக்ஸல்களின் கூட்டம்) அளவிலான பி-மதிப்பும் தனியே வரும். அதைப் பயன்படுத்துவோர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். 2016-இல் ஆண்டர்ஸ் எக்லண்ட், தாமஸ் நிக்கோல்ஸ், ஹான்ஸ் நுட்ஸன் ஆகியோர் ஓய்வு நிலைத் தரவுகளைக் கொண்டு எஸ்.பி.எம்., எஃப்.எஸ்.எல்., ஏ.எஃப்.என்.ஐ. மூன்றையும் சோதித்தபோது, தொகுதி அளவிலான முடிவுகளில் தவறான கண்டுபிடிப்பு வீதம் சில அமைப்புகளில் 70 சதவீதம் வரை போனது. தொகுதியை வரையறுக்கும் முதல் வரம்பு 0.01 போலத் தளர்வாக இருந்தபோது நிலைமை மோசம்; 0.001-இல் கணிசமாக மேம்பட்டது. தரவையே மாற்றி மாற்றி அடுக்கும் வரிசைமாற்றச் சோதனை பெரும்பாலும் சரியாக நின்றது. அந்த ஆய்வின்போது ஏ.எஃப்.என்.ஐ. நிரலில் இருந்த ஒரு பிழையும் வெளிப்பட்டு 2015-இல் திருத்தப்பட்டது. நிரல் திறந்திருந்தது, தரவு திறந்திருந்தது, அதனால்தான் மூன்று பேர் உட்கார்ந்து ஒரு துறை முழுவதையும் சரிபார்க்க முடிந்தது. திறமூலத்தை விலையில்லாமல் கிடைப்பதற்காக மட்டும் நான் விரும்பவில்லை, இதற்காகவே விரும்புகிறேன்.

படி 6: ஒருவரிலிருந்து பலருக்கு

இதுவரை கண்டது ஒரே ஒரு மனிதரின் மூளை. இதைக் கொண்டு 'மனிதர்கள்' என்று எழுத முடியாது. பலரிடம் தரவு இருந்தால், ஒவ்வொருவருக்கும் மேற்கண்ட படிகளைத் தனித்தனியே முடித்து, ஆளுக்கு ஒரு ஒப்பீட்டுப் படத்தை எடுத்து, 'ஸ்பெசிஃபை செகண்ட் லெவல்' பகுதியில் ஒரு-கூறு டி-சோதனைக்குக் கொடுக்க வேண்டும். 20 பேர் என்றால் 20 படங்கள், டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் 19. ஒவ்வொருவரிடமும் எத்தனை நூறு படங்கள் எடுத்தாலும் அந்த 19 மாறாது. ஆட்கள் குறைவாக உள்ளபோது எஸ்.என்.பி.எம். என்ற இணைப்புத் தொகுப்பில் வரிசைமாற்றச் சோதனையை ஓட்டுவதே பாதுகாப்பு.

பயிற்சிக்கு ஓப்பன்நியூரோ தளத்தில் பிட்ஸ் ஒழுங்கில் ஏராளமான குழுத் தரவுகள் இருக்கின்றன. கணினி வசதி குறைந்தவர்கள் இணையத்திலேயே பைத்தான் நிரலை ஓட்ட உதவும் கூகுள் கோலாபில் நைலேர்னை ஓட்டலாம். நாம் இங்கே பயன்படுத்திய அதே செவிப்புலத் தரவு நைலேர்னின் பயிற்சிப் பக்கங்களிலும் இருப்பதால், இரண்டு மென்பொருள்களின் முடிவையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது மிக நல்ல முதுகலைத் திட்டமாகும்.

உள்ளூர் ஸ்கேன்களைப் பற்றி

நம் ஊர் ஸ்கேன் மையத்தில் எடுத்த படங்களின் குறுந்தகட்டைக் கொண்டுவந்து 'இதில் ஓட்டிப் பார்க்கலாமா' என்று கேட்பவர்கள் உண்டு. பரிசோதனைக்காக எடுக்கப்படும் படங்கள் பெரும்பாலும் 5 மி.மீ. தடிமனுள்ள வெட்டுகள், நாம் கண்ட பகுப்பாய்வுக்கு அவை ஏற்றவை அல்ல. எஸ்.பி.எம். நோயைக் கண்டறியும் கருவியும் அல்ல. ஒருவருடைய ஸ்கேனை இதில் ஓட்டி அவருக்கு இன்ன குறை என்று யாரும் சொல்லக் கூடாது. ஆய்வுக்கென்று தரவு திரட்டுவதானால் நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், பங்கேற்பவரின் எழுத்துப்பூர்வ சம்மதமும், சிறார் என்றால் பெற்றோரின் சம்மதமும் முதலில் வேண்டும். ஸ்கேன் கருவியிலிருந்து வரும் டைகாம் வடிவக் கோப்புகளின் தலைப்பகுதியில் நோயாளியின் பெயரும் பிறந்த நாளும் இருக்கும். ஆய்வு மென்பொருள்கள் படிக்கும் நிஃப்டி வடிவத்துக்கு மாற்றும்போது அவை நீங்கியிருக்கின்றனவா என்று சரிபார்க்க வேண்டும். கட்டமைப்புப் படத்திலிருந்து முகத்தை மீட்டு வரைய முடியும் என்பதால், பகிர்வதற்கு முன் முகப் பகுதியை அழிக்கும் கருவியையும் ஓட்ட வேண்டும்.

படி 7: முடிவை எழுதுதல்

2020-இல் வெளியான ஓர் ஆய்வில் 70 குழுக்களிடம் ஒரே தரவும் ஒரே 9 கருதுகோள்களும் கொடுக்கப்பட்டன. எந்த இரண்டு குழுக்களும் ஒரே மாதிரியான படிகளைத் தேர்ந்திருக்கவில்லை, பல கருதுகோள்களில் முடிவுகளும் வேறுபட்டன. அதனால் 'எஸ்.பி.எம். கொண்டு பகுப்பாய்வு செய்யப்பட்டது' என்ற ஒற்றை வரி ஆய்வேட்டுக்குப் போதாது. மென்பொருளின் பதிப்பு எண், படிகளின் வரிசை, மென்மையாக்கிய அளவு, வடிகட்டியின் நொடிகள், அசைவு நிரல்கள் சேர்ந்தனவா, விலக்கப்பட்டவர்கள் எத்தனை பேர், எந்தக் காரணத்தால், திருத்த முறை, வரம்பு ஆகிய அனைத்தும் எழுதப்பட வேண்டும். எந்த ஒப்பீட்டைச் சோதிக்கப் போகிறீர்கள், எந்த வரம்பில் என்பதைப் படங்களைத் திறப்பதற்கு முன்பே ஒரு தாளில் எழுதி, தேதியிட்டு, உங்கள் ஆய்வு வழிகாட்டி ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.

அட்டவணையில் ஒவ்வோர் உச்சத்துக்கும் ஆயத்தொலைவு, டி-மதிப்பு, திருத்தப்பட்ட பி-மதிப்பு, தொகுதியின் வாக்ஸல் எண்ணிக்கை ஆகியவை இடம்பெறட்டும். வரம்புக்கு மேலே உள்ளதை மட்டும் காட்டும் வண்ணப் படத்தோடு நின்றுவிடாமல், வரம்பிடாத முழு டி-படத்தையும், இத்தகைய படங்களைப் பகிர்வதற்கான நியூரோவால்ட் தளத்தில் ஏற்றி, அதன் இணைப்பை ஆய்வேட்டில் கொடுங்கள். கூடவே, படி 2-இல் சேமித்த பேட்ச் கோப்பையும் பின்னிணைப்பாக வையுங்கள். பர்கூரிலோ பாலக்கோட்டிலோ இருக்கும் அடுத்த மாணவர் அதைத் திறந்து, கோப்புறையின் பாதையை மட்டும் மாற்றி, உங்கள் அட்டவணையில் உள்ள எண்கள் தமக்கும் வருகின்றனவா என்று ஓட்டிப் பார்த்துக்கொள்ள முடியும்.